சாரலிலும் எதிர்காற்றிலும் சைக்கிள்: கண்ணைக் காப்பாற்ற ஒரு முழு வழிகாட்டி

ஆனி பிறந்ததும் தென்காசிப் பக்கம் காற்று மாறிவிடும். ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து இறங்கும் காற்று, மாவு சலித்த மாதிரி சாரலையும் கூடவே கொண்டுவரும். குற்றாலத்துக்குக் குளிக்க வருபவர்களுக்கு அது சுகம். தினமும் காலையில் தென்காசியிலிருந்து செங்கோட்டைக்குச் சைக்கிளில் வேலைக்குப் போகும் எனக்கு, அந்த ஏழெட்டு கிலோமீட்டரும் முகத்துக்கு நேரே காற்று. மாலையில் அதே காற்று முதுகைத் தள்ளிக்கொண்டு வந்து வீட்டில் விட்டுவிடும். கண்ணுக்கு வரும் சோதனையெல்லாம் காலையில்தான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஆடி மாதக் காலையில், தார்ப்பாய் சரியாகக் கட்டாத எம்-சாண்ட் லாரி ஒன்று எதிரே வந்தது. அன்று நான் கண்ணாடி போட்டுத்தான் கிளம்பினேன். சாரலில் கண்ணாடி மங்கியதால் பாதி வழியில் கழற்றிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். லாரி கடந்த நொடியில் வலது கண்ணில் ஊசி குத்தியது போல இருந்தது. ஓரம் கட்டி, துண்டின் நுனியால் துடைத்தேன், கசக்கினேன், மறுபடி துடைத்தேன். வலி கூடியதே தவிரக் குறையவில்லை. மாலையில் கண் மருத்துவர் ஆரஞ்சு நிறத் தாள் ஒன்றைக் கீழ் இமைக்குள் தொட்டு, நீல விளக்கை அடித்துப் பார்த்தார். கருவிழியின் மேல் பகுதியில் நேர்க்கோடு கோடாக நாலைந்து கீறல்கள் பச்சையாக மின்னியதை அவருடைய உதவியாளர் போனில் படம் எடுத்துக் காட்டினார். மேல் இமையைப் பஞ்சுக் குச்சியில் சுருட்டித் திருப்பினால், உள்பக்கம் கடுகில் கால் அளவுகூட இல்லாத ஒரு கல்துகள் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் இமைத்த ஒவ்வொரு முறையும், கசக்கிய ஒவ்வொரு முறையும் அந்தத் துகள் கருவிழியை உழுதிருக்கிறது.

துகள் விழுந்தது விபத்து. கண்ணாடியைக் கழற்றியதும் கசக்கியதும் நான் செய்த தவறு. அந்த இரண்டையும் மற்றவர்கள் செய்யாமலிருக்க என்ன ஏற்பாடு வேண்டும் என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

தொடங்கும் முன்: கண்ணில் என்ன நடக்கிறது

கண்ணின் மேல் எப்போதும் ஒரு மெல்லிய கண்ணீர்ப் படலம் இருக்கிறது. அடியில் வழவழப்பான ஒரு பூச்சு, நடுவில் நீர், மேலே எண்ணெய். அந்த எண்ணெய், இமை ஓரத்தில் வரிசையாக இருக்கும் சுரப்பிகளிலிருந்து வருகிறது. நீர் ஆவியாகாமல் காப்பது அதன் வேலை. சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து முறை போல இமைக்கிறோம். ஒவ்வொரு இமைப்பிலும் படலம் புதிதாகப் பரவுகிறது. எதிர்காற்று அந்தப் படலத்தை உலர்த்திவிடும். ரோட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டு மிதிக்கும்போது இமைப்பதும் குறைகிறது. கண் காய்ந்ததும் மூளை பதறி, தாரை தாரையாகக் கண்ணீரைச் சுரக்க வைக்கிறது. அது வெறும் நீர். எண்ணெய் கலந்த நல்ல படலம் இல்லை. அதனால்தான் கண்ணீர் கொட்டும்போதே கண் எரிகிறது, பார்வையும் கலங்குகிறது.

மழைநீர் கண்ணில் பட்டால் ஏன் எரிகிறது? கண்ணீரில் உப்பு உண்டு, மழைநீரில் கிட்டத்தட்ட இல்லை. அந்த வித்தியாசமே கண்ணுக்கு உறுத்தும். அதோடு, மழை முதலில் நம் தலையையும் நெற்றியையும் கழுவிக்கொண்டுதான் கண்ணுக்கு வருகிறது. வியர்வை உப்பு, தேங்காய் எண்ணெய், முகப்பூச்சு, நெற்றியில் இட்ட திருநீறு, குங்குமம் எல்லாம் அதில் கரைந்து வரும். மழையில் கண் எரிகிறது என்று சொல்பவர்களில் பாதிப்பேருக்கு எரிச்சல் மழையால் இல்லை, தலையிலிருந்து இறங்குவதால்தான் என்பது என் எண்ணம்.

இன்னொரு கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் 15 கி.மீ. வேகத்தில் மிதிக்கிறீர்கள், எதிர்காற்று 30 கி.மீ. வேகத்தில் வருகிறது என்றால், முகத்தில் அடிக்கும் காற்றின் வேகம் 45 கி.மீ. அரை மில்லிமீட்டருக்கும் குறைவான சாரல் துளி கீழே விழும் வேகமோ மணிக்கு 7 கி.மீ. அளவுதான். ஆக, சாரல் உங்கள் முகத்துக்கு மேலிருந்து வருவதில்லை, ஏறக்குறையப் படுக்கைவாட்டில் நேரே வருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் கொட்டும் பெருந்துளி மழை வேறு. ஐந்து மில்லிமீட்டர் துளி மணிக்கு 30 கி.மீ.க்கும் மேலான வேகத்தில் இறங்கும். காற்று அதிகம் இல்லாவிட்டால் அது மேலிருந்துதான் விழும். சென்னையில் இருப்பவருக்குப் பாதி வேலையைத் தொப்பியின் முன்விளிம்பே பார்த்துவிடும். சாரல் பகுதியில் இருப்பவருக்குத் தொப்பி போதாது, கண்ணாடிதான் வேலை பார்க்க வேண்டும். யார் எதை வாங்குவது என்பதை இதை வைத்தே முடிவு செய்யலாம்.

படி 1: சைக்கிளிலிருந்து தொடங்குங்கள்

கண்ணாடி வாங்கப் போவதற்கு முன் மட்கார்டைப் பாருங்கள். கண்ணுக்கும் மட்கார்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். வானத்திலிருந்து வரும் தண்ணீர் கண்ணை எரிய வைக்கும், அவ்வளவுதான். கெடுதல் செய்வது ரோட்டுத் தண்ணீர். அதில் மண், டயர் தூள், டீசல், சாணி, சாக்கடை எல்லாம் கலந்திருக்கும்.

முன்சக்கரத்தில் மட்கார்டு இல்லையென்றால், டயர் அள்ளிய தண்ணீர் முன்பக்கமாக மேலே தெறிக்கும். எதிர்காற்று அதைத் திருப்பி உங்கள் முகத்தில் அடிக்கும். நடைமுறையில் இது முக்கால்வாசி சைக்கிள்காரர்களுக்குத் தெரிவதில்லை. மழைத்துளி என்றே நினைத்துக்கொள்கிறார்கள். உதட்டில் மண் நறநறவென்று கடிபட்டால் அது மழை இல்லை.

எலிக்காய்ச்சல் என்று நாம் சொல்லும் லெப்டோஸ்பைரோசிஸ் கிருமி, எலியின் சிறுநீர் கலந்த தேங்கிய தண்ணீரில் இருக்கும். தோலில் உள்ள கீறல் வழியாகவும், கண், மூக்கு, வாயின் ஈரப்படலம் வழியாகவும் உடம்புக்குள் நுழையும். 1993 இறுதியில் வந்த வெள்ளத்துக்குப் பிறகு மதுரையில் கண்ணின் உள் அழற்சியோடு நோயாளிகள் திரளாக வந்தார்கள். அரவிந்த் கண் மருத்துவமனை மருத்துவர்கள் ஆராய்ந்ததில் அதற்குப் பின்னால் இருந்தது இந்தக் கிருமி என்று தெரிந்தது. உடம்புக்குள் போன கிருமி பிறகு கண்ணையும் தாக்கும் என்பதற்கு நம் ஊரிலேயே உள்ள சான்று இது. ஆகவே தேங்கிய தண்ணீரை முகத்தில் வாங்காமல் இருப்பது சுத்தத்துக்காக மட்டும் செய்கிற காரியம் இல்லை.

செய்ய வேண்டியது இது. முன்சக்கர மட்கார்டு, டயரின் முன்விளிம்பைத் தாண்டிக் கொஞ்சம் நீண்டிருக்க வேண்டும். பின்முனையில் ஒரு ரப்பர் நாக்கு தரைக்கு ஒரு சாண் உயரம் வரை தொங்கினால் கால்களும் செயினும் தப்பிக்கும். கியர் சைக்கிள்களில் பெரும்பாலும் மட்கார்டு வராது. கடையில் கிளிப் மாதிரி மாட்டும் பிளாஸ்டிக் மட்கார்டு கிடைக்கும். அதுவும் இல்லையென்றால் ஐந்து லிட்டர் எண்ணெய் கேனை நீளவாட்டில் வெட்டி, ஓரங்களைத் தீயில் லேசாகக் காட்டி மழுக்கி, நான்கு துளை போட்டு, கேபிள் டையால் ஃபோர்க்கில் இறுக்கிக் கட்டுங்கள். என் மகன் சைக்கிளில் இரண்டு மழைக்காலமாக இருப்பது அப்படி வெட்டியதுதான். கட்டியபின் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, எங்கும் உரசவில்லை என்று உறுதி செய்யாமல் ரோட்டில் இறக்க வேண்டாம்.

பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் தரும் விலையில்லா சைக்கிளில் மட்கார்டு இருக்கிறது. அழகுக்காக அதைக் கழற்றி மூலையில் போட்டுவிடுகிறார்கள். வீட்டில் பெரியவர்கள் ஒரு ஸ்பானர் எடுத்துத் திரும்ப மாட்டிக் கொடுத்தால் அந்தப் பிள்ளையின் கண்ணுக்குப் பெரிய உபகாரம்.

படி 2: கண்ணாடியைத் தேர்ந்தெடுப்பது

இங்கேதான் எல்லோரும் குழம்புகிறார்கள். காற்றுக்கு நல்லது முகத்தோடு ஒட்டி மூடிய கண்ணாடி. ஆனால் மூடினால் உள்ளே ஆவி படியும். ஆவி படியாமல் இருக்கக் காற்றோட்டம் வேண்டும், காற்றோட்டம் இருந்தால் சாரல் உள்ளே வரும். இரண்டையும் முழுதாகத் தீர்க்கும் கண்ணாடியை நான் பார்த்ததில்லை. நடுவில் ஒரு இடத்தைப் பிடிக்க வேண்டும்: பக்கவாட்டில் நன்றாக வளைந்து கன்னத்தைத் தொடாமல் நெருங்கி வர வேண்டும், மேல்விளிம்பு புருவத்தோடு கிட்டத்தட்ட ஒட்ட வேண்டும், கீழே மட்டும் சுண்டுவிரல் நுனி நுழையும் அளவு இடைவெளி இருக்க வேண்டும். காற்று கீழிருந்து நுழைந்து ஆவியை இழுத்துக்கொண்டு போகும்.

கண்ணாடிப் பொருள் பாலிகார்பனேட் என்ற உறுதியான பிளாஸ்டிக்காக இருக்கட்டும். கல் பட்டாலும் சில்லாக உடையாது, புற ஊதாக் கதிரையும் தடுக்கும். மேகமூட்டத்திலும் புற ஊதாக் கதிர் இறங்குகிறது. வெயிலும் காற்றும் தூசியும் வருடக்கணக்கில் பட்டவர்களுக்கு வெள்ளை விழியிலிருந்து கருவிழி மேல் சதை வளர்வதைக் கடலோரத்திலும் வயல்காட்டிலும் நிறையப் பார்க்கலாம். நிறமில்லாத பாலிகார்பனேட்கூட அந்தக் கதிரைத் தடுத்துவிடும் என்பதால், இதற்காகக் கறுப்புக் கண்ணாடி தேவையில்லை.

நிறம் என்று வந்தால் மழை நாளுக்கு நிறமில்லாததுதான் சரி. கண்ணாடிகளை வெளிச்சம் விடும் அளவை வைத்து 0 முதல் 4 வரை பிரிக்கிறார்கள். 80 சதவீதத்துக்கு மேல் வெளிச்சம் விடுவது 0. நாம் வெயிலுக்குப் போடும் கறுப்புக் கண்ணாடி பெரும்பாலும் 3, அதாவது 8 முதல் 18 சதவீதம். மேகம் கவிந்த காலையில் அதைப் போட்டுக்கொண்டு புளியமரச் சாலையில் நுழைந்தால் பள்ளமும் தெரியாது, பள்ளத்தில் நிற்கும் தண்ணீரும் தெரியாது. வெளிர் மஞ்சள் சிலருக்குப் பிடிக்கும், மங்கல் வெளிச்சத்தில் கொஞ்சம் தெளிவாகத் தெரிவது போல இருக்கும். பகலில் பரவாயில்லை, இருட்டியபின் வேண்டாம். வெயிலுக்குத் தகுந்தாற்போலத் தானே கறுக்கும் கண்ணாடி வசதியானது, விலைதான் கூடுதல்.

காசு அதிகம் செலவழிக்க முடியாதவர்கள் ஹார்டுவேர் கடைக்குப் போங்கள். கிரைண்டிங் வேலை செய்பவர்கள் போடும் நிறமில்லாத பாதுகாப்புக் கண்ணாடி அங்கே கிடைக்கும். சட்டத்திலோ காம்பிலோ ‘இசட்87+’ என்ற முத்திரையோ, ‘ஈஎன் 166’ என்பதோடு ‘எஃப்’ என்ற எழுத்தோ இருந்தால், வேகமாக வரும் துகளைத் தாங்கச் சோதிக்கப்பட்டது என்று பொருள். சைக்கிள் கடையில் பளபளப்பாக மாட்டி வைத்திருக்கும் பெயர் தெரியாத கண்ணாடியைவிட இதையே நான் சிபாரிசு செய்வேன். என் சைக்கிள் பையில் இருப்பதும் இதுதான்.

வாங்கியபின் வீட்டிலேயே இரண்டு சோதனை செய்யுங்கள். டேபிள் ஃபேனை முழு வேகத்தில் வைத்து, ஒரு முழ தூரத்தில் முகத்தைக் காட்டி உட்காருங்கள். தலையை இடதும் வலதும் மெல்லத் திருப்புங்கள். இமைமயிரில் காற்று அடிப்பது தெரிந்தால் அந்தப் பக்கம் இடைவெளி அதிகம். மூக்குத் தாங்கியை நெருக்கியோ காம்பை வளைத்தோ சரி செய்யுங்கள். அடுத்து, இஸ்திரி போடும்போது துணிக்குத் தெளிக்கும் ஸ்ப்ரே பாட்டிலை எடுத்து, வேறொருவரை நெற்றிக்கு நேரே தெளிக்கச் சொல்லுங்கள். மேல்விளிம்பு வழியாக உள்பக்கம் துளி இறங்கினால் அந்தக் கண்ணாடி மழைக்கு ஆகாது. புருவத்துக்கு மேல் பஞ்சுப் பட்டை வைத்த கண்ணாடியோ, கீழே சொல்லும் தொப்பியோ வேண்டும்.

பவர் கண்ணாடி போடுபவர்கள் அடுத்த முறை மாற்றும்போது பாலிகார்பனேட் லென்ஸ் என்று கேட்டு வாங்குங்கள். அதற்கு மேலேயே மாட்டக்கூடிய பெரிய பாதுகாப்புக் கண்ணாடியும் ஹார்டுவேர் கடையில் உண்டு. ஆனால் இரட்டைக் கண்ணாடிக்கு இரட்டை ஆவி, அதற்கும் தயாராக இருக்க வேண்டும்.

கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் இந்தப் பத்தியைத் தயவுசெய்து தவிர்க்க வேண்டாம். தண்ணீரிலும் மண்ணிலும் அகந்தமீபா என்ற ஒரு செல் உயிரி வாழ்கிறது. அது லென்ஸுக்கும் கருவிழிக்கும் நடுவில் மாட்டினால் வரும் புண் மிகுந்த வலி தரும், ஆற மாதக்கணக்காகும், பார்வையும் போகலாம். மழை நாளில் முடிந்தவரை லென்ஸ் வேண்டாம். போட்டே ஆக வேண்டுமென்றால் ஒரே நாளில் தூக்கிப்போடும் வகையைப் போட்டு, மேலே மூடிய கண்ணாடியும் அணியுங்கள். ரோட்டுத் தண்ணீர் கண்ணில் தெறித்தால் அந்த லென்ஸ் அன்றோடு முடிந்தது. கையைக் கழுவி, கழற்றி, குப்பையில் போட்டுவிடுங்கள். குழாய்த் தண்ணீரில் கழுவித் திரும்பப் போடுவது ஆபத்தை நாமே கண்ணுக்குள் வைப்பதற்குச் சமம்.

படி 3: நெற்றிக்கும் தலைக்கும்

ஹெல்மெட்டுக்கு அடியில் முன்விளிம்புள்ள மெல்லிய பருத்தித் தொப்பி. விளிம்பு மூன்று விரல் அகலம் போதும். அதைவிட நீண்டால் காற்று தூக்கும், மேட்டில் ஏறும்போது முன்னால் பார்க்கவும் மறைக்கும். தலையைச் சற்றுத் தாழ்த்தினால் விளிம்பு துளிகளை வெட்டிவிடும், நிமிர்ந்தால் ரோடு தெரியும். தொப்பி இல்லாதவர்கள் நெற்றியில் ஒரு பருத்திக் கைக்குட்டையை மடித்துக் கட்டி, மேலே ஹெல்மெட் போட்டாலும் வியர்வையும் எண்ணெயும் கண்ணுக்கு இறங்காது. மழை நாளில் தலைக்கு எண்ணெய் வைப்பதை ராத்திரிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

ரெயின்கோட்டின் தலைமூடியை ஹெல்மெட்டுக்கு மேலே இழுத்துப் போடாதீர்கள். தலையைத் திருப்பினால் மூடி கூடவே திரும்பாது, பின்னால் வரும் வண்டியைப் பார்க்கும் கண்ணை அதுவே மறைத்துவிடும். மூச்சுக்காற்றையும் அது மேலே திருப்பிவிட்டுக் கண்ணாடியில் ஆவி படிய வைக்கும்.

படி 4: ஆவியும் துளியும்

நான் கண்ணாடியைக் கழற்றியதற்குக் காரணம் மங்கல். பெரும்பாலானவர்கள் கழற்றுவதும் அதனால்தான். ஆகவே இந்தப் படியில் கொஞ்சம் பொறுமையாக இருங்கள்.

முகத்திலிருந்து எழும் சூடான ஈரக்காற்று, சாரலில் குளிர்ந்த கண்ணாடியைத் தொட்டதும் பனித்துளியாகப் படிகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது காற்று அதை அடித்துக்கொண்டு போய்விடும். ரயில்வே கேட்டிலோ சிக்னலிலோ நின்ற அரை நிமிடத்தில்தான் வெள்ளையாக மூடும். அதனால் நிற்கும் முன்பே கண்ணாடியை மூக்கில் ஒரு விரல் அகலம் கீழே இறக்கிவிடுங்கள். கிளம்பி நாலு மிதி மிதித்ததும் மேலே ஏற்றுங்கள். நெற்றிக்கு மேல் தூக்கி வைப்பது பலரின் வழக்கம். அங்கேதான் வியர்வையும் சூடும் அதிகம். திரும்ப இறக்கும்போது முன்பைவிட மோசமாக மங்கியிருக்கும்.

முந்தின நாள் இரவு ஒரு சின்ன வேலை செய்யலாம். கண்ணாடியைக் கழுவிக் காயவைத்து, உள்பக்கம் மட்டும் குழந்தைகளுக்கான ஷாம்பூ ஒரு சொட்டு விட்டு, விரலால் பரப்பி, உலர்ந்த மெல்லிய துணியால் துடையுங்கள். தெளிவாகத் தெரியும்வரை துடைக்க வேண்டும், கழுவிவிடக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் மிஞ்சும். அதன் மேல் ஈரம் துளித்துளியாக நிற்காமல் ஒரே பரப்பாகப் படர்வதால் பார்வை மறையாது. பாத்திரம் கழுவும் திரவமும் இதே வேலையைச் செய்யும். ஆனால் சாரலில் கரைந்து கண்ணுக்குள் போனால் எரிச்சல் தாங்காது என்பதால் நான் ஷாம்பூவோடு நிற்கிறேன். பைக் ஹெல்மெட்டின் முன்கண்ணாடிக்கு விற்கும் ஆவி எதிர்ப்புத் தெளிப்பானும் உண்டு. பாலிகார்பனேட்டுக்கு ஏற்றது என்று லேபிளில் போட்டிருந்தால் மட்டும் வாங்குங்கள்; கண்ட ரசாயனமும் அந்தப் பிளாஸ்டிக்கை வெடிப்பு விட வைக்கும்.

வெளிப்பக்கத் துளிகளுக்குத் துடைப்பு மருந்தாகாது. ஈரக் கையுறையில் மண் இருக்கும், ஒரு தேய்ப்பில் கண்ணாடி முழுக்கக் கீறல் விழும். கண்ணாடியின் காம்பை விரலால் சுண்டினால் பாதித் துளி உதிரும். சேறு பட்டிருந்தால் நின்று, பாட்டில் தண்ணீரை ஊற்றிக் கழுவி, உதறி, பிறகு மாட்டுங்கள். துடைத்தே ஆக வேண்டுமென்றால் பிளாஸ்டிக் உறைக்குள் சுற்றிய ஒரு உலர்ந்த பருத்திக் கைக்குட்டை சட்டைப் பையில் இருக்கட்டும்.

எவ்வளவு மங்கினாலும் ஓட்டும்போது கழற்றாதீர்கள். தெரியவில்லை என்றால் இறங்கி நில்லுங்கள், சரி செய்துகொண்டு கிளம்புங்கள்.

படி 5: ஓட்டும் முறை

எதிரே லாரியோ பஸ்ஸோ வரும்போது, அது நெருங்குவதற்குள் முன்னாலுள்ள ரோட்டை ஒரு முறை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கடக்கும் நொடியில் கன்னத்தைச் சற்று இடப்பக்கம் திருப்பி, தலையைத் தாழ்த்தி, கண்ணை இடுக்கிக்கொள்ளுங்கள். இரண்டு கண்ணையும் மூடக் கூடாது. பெரிய வண்டி பக்கக்காற்றை ஒரு கணம் மறைக்கும், போனதும் காற்று பளீரென்று தள்ளும். இரண்டு கையும் கைப்பிடியில் இருந்தால்தான் சமாளிக்க முடியும். அந்த நேரத்தில் கண்ணில் ஏதாவது விழுந்தாலும் கையை எடுக்காதீர்கள். முதலில் பிரேக், அப்புறம் ஓரம், அதன் பிறகுதான் கண்.

கூட்டமாகப் போகும்போது முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்கு நேர் பின்னால் ஒட்டிப் போகாதீர்கள். காற்று மறைப்பு கிடைக்கும் என்பது உண்மைதான், கூடவே அவருடைய டயர் வாரி இறைப்பதும் கிடைக்கும். ரோடு காலியாக இருந்தால் ஒரு முழம் பக்கவாட்டில் விலகி, இடைவெளி விட்டுப் போங்கள்.

கிராமத்துச் சாலைகளில் சீமைக் கருவேலக் கிளை ரோட்டுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். காற்றில் அது சாட்டை மாதிரி ஆடும். அங்கே ஓரத்தை ஒட்டிப் போகாமல், பின்னால் பார்த்துவிட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போவதே நல்லது. மழை விட்ட மாலையில் ஈசல் கிளம்பும் நேரமும் அப்படித்தான். விளக்குக் கம்பத்தடியில் வேகத்தைக் குறைத்து, வாயையும் மூடிக்கொள்ளுங்கள்.

காற்றில் நீண்ட நேரம் ஓட்டினால் அவ்வப்போது வேண்டுமென்றே முழுசாக இமையுங்கள். அரைகுறை இமைப்பில் கண்ணீர்ப் படலம் பரவாது. கண் அடிக்கடி காய்கிறவர்கள் மருத்துவரைக் கேட்டு, செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம். கிளம்பும் முன் ஒரு சொட்டு, போய்ச் சேர்ந்ததும் ஒரு சொட்டு. திறந்த பாட்டிலைப் பொதுவாக ஒரு மாதத்துக்கு மேல் வைக்கக் கூடாது. திறந்த தேதியைப் பேனாவால் அதன் மேலேயே எழுதிவிடுங்கள்.

படி 6: கண்ணில் விழுந்துவிட்டால்

கசக்காதீர்கள். இதை மட்டும் நினைவில் வைத்தால்கூடப் போதும்.

ஓரமாக நின்று, கண்ணை மெல்ல மூடித் திறந்து கண்ணீர் வர விடுங்கள். மேல் இமையின் மயிரைப் பிடித்து, கீழ் இமைக்கு மேலாக மெதுவாக இழுத்து விட்டால், உள்பக்கம் ஒட்டிய துகளைக் கீழ் இமைமயிரே சில சமயம் வழித்து எடுத்துவிடும். போகவில்லையா? மூடி திறக்காத குடிநீர் பாட்டில் ஒன்றை வாங்கி, தலையைச் சாய்த்து, மூக்குப் பக்கத்திலிருந்து காதுப் பக்கமாக வழியும்படி மெல்ல ஊற்றுங்கள். அதற்கு முன் கையைக் கழுவிக்கொள்வது முக்கியம். பக்கத்தில் இருப்பவர்கள் அக்கறையோடுதான் ஓடி வருவார்கள்: “வாயால ஊதறேன் இருங்க, துண்டு நுனியைத் திரிச்சுக் கொடுங்க, நாக்கால எடுத்துடலாம்.” நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். வாயில் இருக்கும் கிருமி கீறல் விழுந்த கருவிழிக்குப் போகக் கூடாது. தாய்ப்பால், விளக்கெண்ணெய், மூலிகைச் சாறு எதுவும் வேண்டாம்.

சுண்ணாம்பும் சிமெண்டும் வேறு கதை. கட்டட வேலை நடக்கும் இடத்திலோ லாரியிலிருந்தோ அவை கண்ணில் பட்டால், மூடிய பாட்டில் தேடி நேரத்தை வீணாக்காமல் கிடைக்கிற சுத்தமான தண்ணீரில் உடனே கழுவத் தொடங்குங்கள். குறைந்தது இருபது நிமிடம் விடாமல் கழுவிவிட்டு, நேரே மருத்துவமனைக்குப் போங்கள். அவை நிமிடத்துக்கு நிமிடம் கருவிழியை அரிக்கும்.

துகள் போனபின்னும் உறுத்தல் சில மணி நேரம் நீடித்தால், வெளிச்சத்தைப் பார்க்கக் கூசினால், பார்வை மங்கினால், கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். குறிப்பாக முள், இலை, வைக்கோல், உமி பட்டிருந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடவே கூடாது. தென்னிந்தியாவில் கருவிழிப் புண்ணுக்குப் பூஞ்சை ஒரு பெரிய காரணம், அது பெரும்பாலும் இப்படிச் செடிகொடிக் காயத்தில்தான் தொடங்குகிறது. ஆரம்பத்தில் சாதாரண உறுத்தல் போலவே இருக்கும்.

மருந்துக் கடையில் “கண் சிவந்திருக்கு, ஒரு சொட்டு மருந்து கொடுங்க” என்று கேட்டு வாங்காதீர்கள். சிவப்பைச் சட்டென்று குறைக்கும் சில மருந்துகளில் ஸ்டீராய்டு இருக்கும். பூஞ்சைப் புண்ணுக்கு அது உரம் போட்ட மாதிரி. சிவப்பு குறையும், புண் ஆழமாகும்.

படி 7: வீட்டுக்கு வந்ததும்

கையை சோப்பு போட்டுக் கழுவிய பிறகுதான் முகம். கண்ணை மூடிக்கொண்டு நெற்றியிலிருந்து கீழ்நோக்கிக் கழுவி, உங்களுக்கென்று தனியாக வைத்திருக்கும் துண்டில் ஒற்றி எடுங்கள். ‘மெட்ராஸ் ஐ’ பரவுகிற மழைக்காலத்தில் துண்டையும் கண்ணாடியையும் வீட்டிலுள்ளவர்களோடுகூடப் பகிர்ந்துகொள்ள வேண்டாம். ஒரு கண் சிவந்து பீளை கட்டினால் சைக்கிளை இரண்டு மூன்று நாள் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

கண்ணாடியைத் துணியால் துடைக்கும் முன் குழாயடியில் காட்டி மண்ணை ஓடவிடுங்கள். பிறகு ஒரு சொட்டு சோப்பு, விரல் நுனியால் தடவல், அலசல். மூக்குத் தாங்கியின் இடுக்கில் சாரல் நாட்களில் பச்சையாகப் பாசி போலப் படியும், பழைய பல் துலக்கும் பிரஷால் அதை எடுத்துவிடலாம். ஈரத்தோடு பெட்டிக்குள் வைத்து மூடினால் மறுநாள் பூசண வாடை அடிக்கும். எங்கள் வீட்டில் அடுக்களை ஜன்னல் கம்பியில் ஒரு கொக்கி மாட்டி வைத்திருக்கிறேன். அடுப்புச் சூட்டில் இரவுக்குள் காய்ந்துவிடும். காலையில் கிளம்பும்போது சைக்கிள் சாவியும் அதே கொக்கியில்தான் தொங்குகிறது, அதனால் கண்ணாடியை எடுக்காமல் சாவியை எடுக்க முடியாது.